ஒரே பானையில் எத்தனை கேழ்வரகு?

பெங்களூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை அத்திப்பள்ளியைத் தாண்டியதும் ஜூஜுவாடியில் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. வணிகவரிச் சோதனைக்காக லாரிகள் வரிசையில் காத்து நின்ற காலம் 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு முடிந்தது. இப்போது சாலையின் இருபுறமும் கிடங்குகள், உதிரிபாகப் பட்டறைகள், வாடகைக் குடியிருப்புகள். ஆனால் தகரக் கொட்டகைகளின் பின்புறம் போய்ப் பார்த்தால், விற்காமல் விட்டுவைத்த அரை ஏக்கர், கால் ஏக்கர் துண்டுகளில் இன்னும் கேழ்வரகு நிற்கிறது. அப்படி ஒரு துண்டில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதிர்களைப் பார்த்தேன். ஒன்று கைவிரல்களை இறுக்கி மூடிய முட்டிபோல் இருந்தது. இன்னொன்று விரல்களை அகல விரித்து நுனியை மட்டும் உள்ளே வளைத்திருந்தது. நிலத்துக்கு உரிய அவ்வாவிடம் இரண்டும் வேறு வேறு ரகமா என்று கேட்டேன். "எல்லாம் ஒரே ராகிதான் சாமி. ஒரே பானை விதைதான்" என்றார்.

அவர் சொன்னது சரியா என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை. பயிர் ஆராய்ச்சி நிலையங்களில் இதே கேள்வியை மரபுப் பன்மை அளவீடு என்பார்கள். இரண்டு செடிகள் எவ்வளவு நெருங்கிய உறவு, ஒரு நாட்டின் எல்லா ரகங்களையும் சேர்த்தால் அதில் உண்மையில் எத்தனை விதம் இருக்கிறது, எதைப் பத்திரப்படுத்த வேண்டும், எதை எதோடு ஒட்டுக்கட்ட வேண்டும் என்பவை எல்லாம் அந்த ஒரே கேள்வியின் கிளைகள்.

நெல்லுக்கு இந்தக் கணக்கு வெகு காலமாகவே நடந்துவருகிறது. ஆனால் ஜூஜுவாடி நெல் ஊரல்ல. ஒசூர், கெலமங்கலம், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டு நிலங்களின் தாய்ப்பயிர் கேழ்வரகு. தமிழ்நாட்டிலேயே அது மிகுதியாக விளையும் மாவட்டம் கிருஷ்ணகிரி. தென்மாவட்டங்களில் கேப்பை, சில இடங்களில் ஆரியம், இங்கே மூன்று மொழி பேசுவோர் வீட்டிலும் ராகி. தமிழ் வீட்டில் களி, கன்னட வீட்டில் முத்தெ, தெலுங்கு வீட்டில் சங்கட்டி. அரசு எல்லை, மொழி எல்லை எதையும் மதிக்காத பயிர் இது. ஆகவே இந்த ஊரில் நின்றுகொண்டு மரபுப் பன்மையைப் பற்றிப் பேசுவதானால் கேழ்வரகை வைத்துப் பேசுவதுதான் நேர்மை.

கண்ணால் பார்த்தே ரகம் பிரிப்பது நம் உழவர்களின் பழைய வித்தை. கொல்லிமலையில் சாட்டைக் கேழ்வரகு, பெருங்கேழ்வரகு, சுண்டங்கிக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு என்று பெயர்கள் உண்டு. கன்னடப் பக்கத்தில் ஹசுருகம்பி என்றால் பச்சைத் தண்டுக்காரி. கதிரின் வடிவம், தண்டின் நிறம், வயது, மணியின் சிவப்பு, களியின் பதம் எல்லாம் அந்தப் பெயர்களுக்குள் அடங்கியிருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், கண்ணுக்குத் தெரிவதில் பாதியை மண்ணும் மழையும் எழுதுகின்றன. எருக்குழி ஓரத்தில் நின்ற செடி இடுப்புயரம் போகும். அதே பானையின் விதை, பாறைமேல் அரை முழ மண்ணில் முழங்காலுக்கு மேல் எழாது. பெயரும் ஏமாற்றும். ஒரே ரகம் மூன்று ஊரில் மூன்று பெயரோடு வாழும். ஒரே பெயருக்குள் தொடர்பில்லாத இரண்டு ரகங்கள் ஒளிந்திருக்கும். எனவே மழை எழுத முடியாத இடத்தில், டி.என்.ஏ.வில், பார்க்க வேண்டியிருக்கிறது.

முழு டி.என்.ஏ.வையும் படிப்பது செலவு பிடிக்கும் வேலை. அதனால் அதில் ஆங்காங்கே உள்ள சில அடையாள இடங்களை மட்டும் பார்த்து உறவைக் கணிக்கிறார்கள். இந்த இடங்களுக்குத்தான் மூலக்கூறு குறிப்பான்கள் என்று பெயர். அவற்றில் பயிர் ஆய்வாளர்கள் அதிகம் நம்பிக் கையாண்டது எஸ்.எஸ்.ஆர். வகை. டி.என்.ஏ.வின் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் திக்குவாய்போல் திரும்பத் திரும்ப வரும்: சி-டி, சி-டி, சி-டி என்று. ஒரு ரகத்தில் அது 10 முறை திரும்பும், இன்னொன்றில் 17 முறை. தலைமுறை தலைமுறையாக நகலெடுக்கும்போது இந்த இடங்களில்தான் எண்ணிக்கை அடிக்கடி பிசகும். பிசகிய எண்ணிக்கை அப்படியே பிள்ளைகளுக்கும் போகும். அதனால் அது குடும்ப அடையாளம் ஆகிவிடுகிறது. நெல்லில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. மாவுச்சத்தின் தன்மையை நிர்ணயிக்கும் வேக்ஸி என்ற மரபணுவிலேயே இப்படியொரு சி-டி திரும்பல் இருக்கிறது. அங்கே எத்தனை முறை திரும்புகிறது என்பதற்கும் சோறு உதிரியாக வருமா குழையுமா என்பதற்கும் நெருங்கிய தொடர்பு காணப்பட்டது. ஆனால் பெரும்பாலான திரும்பல்கள் எந்தக் குணத்தையும் ஆள்வதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பதினைந்து நாள் நாற்றின் இளம் இலையைக் கிள்ளி, திரவ நைட்ரஜன் ஊற்றிய கல்வத்தில் இட்டு அரைக்கிறார்கள். இலை கண்ணாடிபோல் நொறுங்கிப் பச்சைத் தூளாகிறது. அதை சி.டி.ஏ.பி. என்ற வேதிப்பொருள் கலந்த கரைசலில் போட்டு 65 பாகைச் சூட்டில் வைக்கிறார்கள். குளோரோஃபார்ம் சேர்த்துச் சுழற்றினால் இலைப்பச்சையும் புரதமும் அடியில் ஒதுங்கும். மேலே தெளிந்த நீரை எடுத்துக் குளிர்ந்த ஐசோபுரொப்பனால் ஊற்றி மெல்லச் சாய்க்கும்போது, குழாயின் நடுவே பஞ்சு நூல்போல் வெள்ளையாக ஒன்று சுருண்டு திரள்கிறது. அதுதான் டி.என்.ஏ. அதில் துளியெடுத்து பி.சி.ஆர். கருவியில் வைத்து, வேண்டிய இடத்தை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்குகிறார்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு பி.சி.ஆர். என்ற பெயரை விளக்க வேண்டியதில்லை.

பிறகு ஜெல். கடற்பாசியிலிருந்து எடுத்த அகரோஸ் மாவை நீரில் காய்ச்சித் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். பார்க்க நுங்குபோல் இருக்கும். ஒரு ஓரத்தில் சிறு குழிகள். குழிக்கொரு ரகமாக டி.என்.ஏ.வை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், குட்டைத் துண்டுகள் முந்தி ஓடும், நீண்டவை பின்தங்கும். புறஊதா விளக்கில் வைத்தால் ஆரஞ்சு நிறக் கோடுகள் மின்னும். நான் பார்த்த அன்று பன்னிரண்டு குழிகளில் ஒன்பதில் கோடுகள் ஒரே உயரத்தில் நின்றன. மூன்றில் மயிரிழை அளவு மேலே. அந்த மயிரிழைதான் வேறுபாடு. அதை ஆய்வு மாணவி அளவுகோல் வைத்துப் பார்த்து, நோட்டில் ஒன்று, பூச்சியம் என்று எழுதிக்கொண்டே போனார். இப்படி நாற்பது ஐம்பது இடங்களில் எழுதிச் சேர்த்த பிறகுதான் கணக்கு தொடங்குகிறது.

கணக்கின் அடிப்படை எளியது. மரபியலாளர் மசதோஷி நெய் 1973-இல் தந்த வழி அது. ஒரு கூட்டத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மரபணுப் பிரதிகளை எடுத்தால் அவை வேறு வேறாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? எல்லாம் ஒரே வடிவமானால் விடை 0. இரண்டு வடிவங்கள் பாதிக்குப் பாதி இருந்தால் 0.5. நான்கு வடிவங்கள் சமமாக இருந்தால் 0.75. ஒவ்வொரு இடத்துக்கும் இந்த எண்ணைக் கண்டு சராசரி எடுக்கிறார்கள். பிறகு எந்த ரகம் எதற்குக் கிட்டம் என்று கணித்து, வம்சாவளிபோல் கிளைப்படம் வரைகிறார்கள். கட்டுரைகளின் கடைசியில் வரும் அந்தக் கிளைப்படம் பார்க்க அழகாகவும் முடிந்த முடிவாகவும் தோன்றும். அப்படி நம்பிவிடக்கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்வேன்.

ஒன்று, குறிப்பான்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. நூறு இடங்களைச் சோதித்து, கோடுகள் வேறுபட்ட இருபதை மட்டும் வைத்துக்கொண்டு சராசரி எடுத்தால், பன்மை பெரிதாகத்தான் தெரியும். வேறுபடாத எண்பது இடங்களும் அந்தப் பயிரின் கதைதான். அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடும் கட்டுரைகளின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பொருளில்லை. இரண்டாவது, இன்னும் பெரியது. பல ஆய்வுகளில் ஒரு ரகத்துக்கு ஒரு செடி, அல்லது சில செடிகளின் இலையை ஒன்றாகச் சேர்த்து அரைத்த ஒரு மாதிரி. நிலையங்கள் வெளியிட்ட ரகத்துக்கு இது போதும், அது ஒரே சீராக இருக்கும்படி தூய்மைப்படுத்தப்பட்டது. ஆனால் அவ்வாவின் பானைக்கு இது போதாது. அங்கே மூடிய கதிரும் விரிந்த கதிரும் சேர்ந்துதான் ஒரு ரகம். ஒரு செடியைக் கிள்ளிக்கொண்டு போனால் பானையின் பன்மை ஆய்வகத்து வாசலிலேயே விடுபட்டுவிடும்.

கேழ்வரகுக்கென்று தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. நெல்லில் 12 இணைக் குரோமோசோம்கள். பெற்றோர் வழி இரண்டு தொகுதிகள். கேழ்வரகில் 36 குரோமோசோம்கள், நான்கு தொகுதிகள். இரண்டு வேறு வேறு புல்லினங்கள் எப்போதோ கூடி, இருவர் சொத்தும் முழுதாகச் சேர்ந்து உருவான பயிர் இது. அவற்றில் ஒன்று நம் வரப்புகளிலும் பாதையோரங்களிலும் தானாக முளைக்கும் எலூசின் இண்டிகா என்ற களைப்புல்லின் வழி என்று தெரியும். இன்னொரு மூதாதை யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை, அழிந்துபோயிருக்கலாம். இதனால் ஜெல்லில் என்ன ஆகிறதென்றால், ஒரே செடியில் இரண்டு கோடுகள் தெரியும். அனுபவமில்லாதவர் அதைக் கலப்பு என்று எழுதிவிடுவார். கேழ்வரகு பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல்கொள்ளும் பயிர். அந்த இரண்டு கோடுகள் இரண்டு மூதாதையர்களின் சொத்திலிருந்து வந்தவையாக இருக்கும். கோடு எந்த வீட்டுக்குச் சொந்தம் என்று பிரிக்காமல் எண்ணினால் கணக்கு முழுவதும் தவறிப்போகும்.

குறிப்பான்களும் போதிய அளவு இல்லாமலிருந்தன. நெல்லுக்கு 2002-இல் ஒரே கட்டுரையில் 2,240 புதிய எஸ்.எஸ்.ஆர். குறிப்பான்கள் வெளிவந்தன. 2005-இல் முழு மரபணுத்தொகுதியே படிக்கப்பட்டது. கேழ்வரகுக்கு முதல் மரபணு வரைபடம் 2007-இல்தான் வந்தது, அதுவும் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக் குழுவின் முயற்சியில். ஏழைகளின் தானியம் என்று ஒதுக்கியது சந்தை மட்டுமல்ல. ஆராய்ச்சிப் பணமும் ஒதுக்கியது. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்த வரைபடத்துக்கு முன்பே, 1995-இல், கர்நாடகத்தைச் சேர்ந்த சாலிமத், அமெரிக்காவின் பென்னட்சன் முதலியோர் எலூசின் பேரினத்தின் ஐந்து சிற்றினங்களிலிருந்து 22 மாதிரிகளை அப்போதிருந்த பழைய வகைக் குறிப்பான்களால் சோதித்தார்கள். பயிரிடப்படும் கேழ்வரகுகளுக்கிடையே வேறுபாடு மிகமிகக் குறைவு என்றது விடை. வயலில் இத்தனை வடிவமும் நிறமும் வயதும் காட்டும் பயிர், டி.என்.ஏ.வில் ஏறக்குறைய ஒரே முகம் காட்டியது.

2008-இல் மேத்யூஸ் டிடா, கட்ரீன் டெவோஸ் முதலியோர் பயிரிடப்படும் கேழ்வரகின் 79 மாதிரிகளையும் சில காட்டு மாதிரிகளையும் 45 எஸ்.எஸ்.ஆர். குறிப்பான்களால் ஆராய்ந்தார்கள். என் பார்வையில் கேழ்வரகைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிக முக்கியமானது இது. மாதிரிகள் மூன்று கூட்டங்களாகப் பிரிந்தன: ஆப்பிரிக்கக் காட்டுக் கேழ்வரகு, ஆப்பிரிக்காவில் பயிரிடப்படுவது, ஆசியாவில் பயிரிடப்படுவது. ஆசியக் கூட்டத்தில் மரபுப் பன்மை ஆப்பிரிக்கக் கூட்டத்தைவிடக் குறைவு. ஆனால் தூர் வெடிப்பது, நோய்க்கு ஆட்படுவது போன்ற சில குணங்களில் ஆசியக் கூட்டமே அதிக வேறுபாடு காட்டியது.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். கண் ஒன்று சொல்கிறது, டி.என்.ஏ. இன்னொன்று சொல்கிறது. இரண்டில் எது பொய்? இரண்டும் பொய்யல்ல. நான் முன்னே சொன்னதுபோல் எஸ்.எஸ்.ஆர். இடங்களில் பெரும்பாலானவை எந்தக் குணத்தையும் ஆள்பவை அல்ல. அவை சொல்வது வம்சக் கதையை: எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு காலம் பிரிந்திருந்தார்கள் என்பதை. கதிர் வடிவமும் வயதும் தூரும் சொல்வது வேறு கதை: வந்தவர்களை நம் மண்ணும் நம் பெண்களின் விதைத் தேர்வும் என்ன செய்தன என்பதை. ஒரே தாத்தாவின் பங்காளிகள் ஊர் ஊராகப் பிரிந்து போய், ஒருவர் கரிசலிலும் ஒருவர் மலையிலும் வாழ்ந்து ஆளுக்கொரு தோற்றம் கொண்டதுபோல. தோற்றம் பலவானாலும் கோத்திரம் ஒன்று. நம் கேழ்வரகுகள் எல்லாம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சில கைப்பிடி விதைகளின் வாரிசுகள் என்று அந்த 45 குறிப்பான்கள் சொல்லிவிட்டன.

வந்த வழியும் ஓரளவு தெரிந்ததே. எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்களில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் காட்டுப் புல்லிலிருந்து பயிராக்கப்பட்டது. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் கடல்வழி வணிகத்தோடு இந்தியா வந்தது. நாம் அதற்கு நம் சொல்லிலேயே பெயர் வைத்தோம். கேழ் என்றால் பழந்தமிழில் நிறம். நிறமுள்ள வரகு, கேழ்வரகு. வந்த விருந்தாளியை வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்ட பெயர்.

கோத்திரம் ஒன்றாகிப் போனால் என்ன குறை? குறை குலை நோய் வடிவில் வந்தது. கழுத்தையும் விரல்களையும் கருக்கி மணியைப் பதராக்கும் பூசண நோய் அது. நம் ரகங்களில் எதிர்ப்புக் குறைவு. எதிர்ப்பு எங்கே இருந்தது என்றால், பழைய தாய்வீட்டில், ஆப்பிரிக்காவில்.

இதை டி.என்.ஏ. பார்க்காமலே கண்டுகொண்டவர் ஒருவர் இருந்தார். மண்டியாவின் வி.சி. பண்ணையில் பணிபுரிந்த சி.எச். லட்சுமணய்யா. கர்நாடகத்தில் ராகி லட்சுமணய்யா என்றால்தான் தெரியும். ஆப்பிரிக்க ரகங்கள் தடித்த தண்டு, கனத்த கதிர், நோய் தாங்கும் குணம் கொண்டவை, ஆனால் இங்கே மெதுவாகத்தான் விளையும். இந்திய ரகங்கள் நன்றாகத் தூர்கட்டும், காலத்தில் முதிரும், நம் மழைக்குப் பழகியவை. இரண்டையும் சேர்த்து 1970-களிலிருந்து அவர் வெளியிட்ட வரிசைக்கு இண்டாஃப் என்று பெயர்: இந்தியாவும் ஆஃப்ரிக்காவும் ஒரே சொல்லில். குறிப்பான்கள் வந்து கூட்டம் பிரித்துக் காட்டுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, எந்த இரண்டு கூட்டங்களைச் சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தால் வியப்பு இன்னும் கூடும். கேழ்வரகின் பூ நுண்ணியது. நள்ளிரவு ஒரு மணிக்கும் விடியற்காலை ஐந்துக்கும் இடையில் மலர்ந்து, தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொண்டு மூடிவிடும். நெல்லில்போல் இடுக்கியால் மகரந்தப்பையைக் கிள்ளுவது ஏறக்குறைய நடக்காது. கோயம்புத்தூரில் 1923-இல் தொடங்கிய சிறுதானிய ஆராய்ச்சி நிலையத்தில் ஜி.என். ரங்கசுவாமி அய்யங்கார் 1930-களில் ஒரு வழி கண்டார். இரண்டு ரகங்களின் கதிர்களை நெருக்கிச் சேர்த்துக் கட்டிக் காகித உறையால் மூடிவிடுவது. நூற்றில் ஒன்றிரண்டு பூக்களாவது பக்கத்துக் கதிரின் மகரந்தத்தை வாங்கும். ஆனால் அந்த ஒன்றிரண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் அவரே விடை வைத்திருந்தார். கேழ்வரகில் சில ரகங்களின் கணுவும் சூல்முடியும் ஊதா, சிலவற்றில் பச்சை. ஊதாவும் பச்சையும் சேர்ந்தால் பிள்ளை ஊதா என்பதை 1930-களின் தொடக்கத்திலேயே அவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து எழுதியிருந்தார்கள். எனவே பச்சைச் செடியைத் தாயாகவும் ஊதாவைத் தந்தையாகவும் வைத்துக் கட்டி, தாயின் விதையை விதைத்தால், பச்சை நாற்றுகளிடையே எது ஊதா பூசி எழுகிறதோ அதுதான் கலப்புப் பிள்ளை. கண்ணாலேயே படிக்கக்கூடிய குறிப்பான் அது. ஜெல்லும் பி.சி.ஆரும் இல்லாத காலத்தில் அந்த ஊதா நிறம் ஜெல்லின் வேலையைச் செய்தது.

இண்டாஃப் வழிவந்த பிள்ளைதான் ஜிபியு 28. இண்டாஃப் 5, இண்டாஃப் 9 இரண்டின் ரத்தமும் அதில் உண்டு. 1996-இல் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. குலை நோயைத் தாங்கியதால் கர்நாடகத்து ராகிப் பரப்பில் பெரும்பகுதியை அதுவே பிடித்தது. தமிழ்நாட்டிலும் இதே வழி பின்பற்றப்பட்டது: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 14, மலாவி நாட்டு ரகம் ஒன்றையும் கோ 13-ஐயும் இணைத்துப் பிறந்தது. ஆக, ஜூஜுவாடி எல்லையின் இரண்டு பக்கமும் இன்று விளையும் மேம்பட்ட ராகியில் ஆப்பிரிக்க வழி கலந்திருக்கிறது. 3,000 ஆண்டுக்கு முன் சிறு கைப்பிடியாக வந்த உறவை, நம் காலத்து வித்தகர்கள் மறுபடி போய் அழைத்துவந்தார்கள்.

இதில் ஒரு முரணும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடமுடியாது. பன்மையைக் கூட்டிப் பிறந்த ஒரு நல்ல ரகம், வயல்வெளி முழுக்கப் பரவும்போது வயலின் பன்மையைக் குறைத்துவிடுகிறது. சிறுதானிய ஆண்டு 2023-இல் கொண்டாடப்பட்டது. நியாயவிலைக் கடையில் அரிசிக்குப் பதில் கேழ்வரகு தரும் திட்டம் தருமபுரியிலும் நீலகிரியிலும் தொடங்கியது. 2025-26 பருவத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் ஆனது. இவை எல்லாம் நெடுநாள் கேட்டுவந்தவை, மகிழ்ச்சி. ஆனால் நல்ல விலைக்கு விற்க நினைப்பவர் சான்று பெற்ற விதையை வாங்குவார். பானை விதை அடுத்த ஆடிக்கு வெளியே வராது. மூன்றாண்டு வெளியே வராத பானையைக் கழுவி வேறு எதற்காவது வைத்துக்கொள்வார்கள்.

மரபணுத்தொகுதிக் காலம் கேழ்வரகுக்குத் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்துவிட்டது. 2017-இல் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்து ஷைலஜா ஹிட்டல்மணி குழுவினர் எம்.எல். 365 என்ற வறட்சி தாங்கும் ரகத்தின் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். ஜூஜுவாடியிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகம் பேருந்தில் போய் மாலையில் திரும்பிவிடும் தூரம்தான். குரோமோசோம் குரோமோசோமாக முழுமையாக அடுக்கிய தொகுதியை 2023-இல் டெவோஸ் குழுவினர் வெளியிட்டார்கள். இரண்டு மூதாதையரும் ஒன்றுசேர்ந்தது ஏறத்தாழ 13 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று அது கணித்தது. கேழ்வரகுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரிப்பது எது என்பதற்கும் அதில் விடை இருந்தது: காட்டுக் கேழ்வரகிலிருந்து வந்த பெரிய பெரிய டி.என்.ஏ. துண்டுகள் சில குரோமோசோம்களின் நடுப்பகுதியில் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. 2008-இன் கிளைப்படத்தில் பார்த்த கூட்டங்களுக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் இதுவே.

அதே கட்டுரையில் ரங்கசுவாமி அய்யங்காரின் ஊதா நிறமும் திரும்பி வந்தது. மக்காச்சோளத்தில் நிறமியை ஆளும் மரபணுவுக்கு இணையானது கேழ்வரகிலும் உண்டு. அது பழுதாகிச் செயலிழந்த செடிகளில்தான் மகரந்தப்பையும் சூல்முடியும் ஊதாவை இழக்கின்றன. பச்சை என்பது ஒரு மரபணுவின் இழப்பு. பழுதான பிரதியோடு நல்ல பிரதி ஒன்று சேர்ந்தால் நிறம் வந்துவிடும், அதனால்தான் ஊதா மேலோங்குகிறது. கோயம்புத்தூரில் நாற்றங்காலில் குனிந்து எண்ணிச் சொன்னதற்கு, தொண்ணூறு ஆண்டு கழித்து எழுத்து எழுத்தாகக் காரணம் கிடைத்தது. இன்னொன்றும் அதில் தெளிந்தது: பூவில் நிறம் போனாலும் மணியின் தோல் நிறச்சத்து அதனால் குறைவதில்லை. பச்சைப் பூச் செடியின் களியும் சிவந்துதான் இருக்கும்.

இவ்வளவு நுட்பமும் எதைப் பார்க்கிறது என்றால், யாரோ ஒருவர் பொட்டலம் கட்டிச் சேர்த்ததை மட்டும்தான். ஐதராபாத் அருகே பட்டன்சேருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வு நிறுவனத்தின் மரபுவள வங்கியில் சேர்ந்திருந்த 5,940 கேழ்வரகு மாதிரிகளிலிருந்து, பன்மை முழுவதையும் கூடியவரை பிரதிநிதித்துவப்படுத்தும் 622-ஐ 2006-இல் பிரித்தெடுத்தார்கள். பின்னர் அதிலிருந்தும் 80-ஐ. ஆய்வாளர்கள் கையாள ஏற்ற அளவு அது, நல்ல வேலை. ஆனால் வங்கிக்குப் போகாத பானை எந்தச் சராசரியிலும் வராது. கணக்கில் 0.3 என்றோ 0.5 என்றோ வரும் எண் அந்தப் பொட்டலங்களின் எண்தான். ஜூஜுவாடி, மூக்கண்டப்பள்ளி, சென்னத்தூர் போன்ற ஊர்களில் தொழிற்சாலை வருவதற்கு முன் வீட்டுக்கு வீடு இருந்த விதை அந்த எண்ணுக்குள் இல்லை. அந்த ஊர்கள் ஒசூர் நகராட்சியோடு சேர்ந்தன, ஒசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது. நிலம் சதுர அடியில் விற்கும் ஊரில் விதை பொறுக்க யார் வருவார்கள்?

அன்று அவ்வாவிடம் இரண்டு கைப்பிடி விதை கேட்டேன். பானையிலிருந்து எடுக்க வேண்டாம், வயலிலேயே மூடிய கதிரைத் தனியாகவும் விரிந்த கதிரைத் தனியாகவும் அறுத்துத் தாருங்கள் என்றேன். வேடிக்கையாகப் பார்த்தாலும் தந்தார். அடுத்த ஆடியில் வீட்டு மாடியில் மண் தொட்டிகளில் விதைத்தேன். பூக்கும் நாள்களில் விடிவதற்கு முன் எழுந்து, டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன். மூடிய கதிர் விதைகள் எல்லாம் பச்சைச் சூல்முடி. விரிந்த கதிரின் விதைகளில் பெரும்பாலானவை ஊதா, சில பச்சை. குறைந்தது மூன்று வம்சங்கள் அந்த ஒரு பானையில் இருந்திருக்க வேண்டும். ஜெல்லில் வைத்தால் எத்தனை என்று தெரியவரும். அவ்வாவிடம் போய்ச் சொன்னபோது, "அதான் மழை கம்மியானா ஒண்ணு தாங்கும், ஜாஸ்தியானா ஒண்ணு தாங்கும். பிரிச்சு வெச்சா எது தாங்கும்?" என்று கேட்டார்.

விதையை மூன்று உறைகளில் பிரித்து வைத்திருக்கிறேன், பிரிக்காத நான்காவது உறை ஒன்றும் இருக்கிறது. மரபுவள வங்கிக்கு அனுப்பும்போது படிவத்தில் உள்ளூர்ப் பெயர், சேகரித்த நாள், நிலத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் எழுத வேண்டும். பெயர் என்ற இடத்தில் ராகி என்று எழுதினேன். அவ்வா அதற்கு வேறு பெயர் சொல்லவில்லை. அட்சரேகையைச் சரிபார்க்கப் போன வாரம் அந்த இடத்துக்குப் போயிருந்தேன். வரப்பு இருந்த கோட்டில் தூண்களுக்குக் குழி தோண்டி, கம்பி கட்டி நிறுத்தியிருந்தார்கள். கைப்பேசியில் எண்களைப் பார்த்துப் படிவத்தில் எழுதிக்கொண்டு வந்தேன்.